அங்கி மட்டும் வந்து சேர்ந்தது

எங்கள் நாடகக் குழுவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லாரும் முழிப்பார்கள். அங்கே அவள் ஊசி அக்கா. சட்டைத் தோளில் எந்நேரமும் குண்டூசிகள் குத்தியிருப்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். அவளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

அவளுக்கு உடை வேலை, எனக்கு ஒப்பனை. மேடைக்கு நேர் கீழே, ஜன்னல் இல்லாத ஒரே அறையில் என் கண்ணாடி மேசையும் அவளுடைய தையல் மிஷினும் இருந்தன. மேலே யாராவது நடந்தால் எங்கள் தலைக்கு மேல் தடதடவென்று கேட்கும். நடப்பது யார் என்று அக்கா காலடியை வைத்தே சொல்லிவிடுவாள். "குண்டன் வசனத்தை மறந்துட்டான் போல, நின்னுட்டான் பாரு" என்பாள், ஊசியில் நூல் கோத்தபடி. உடை மாற்ற வேண்டியவர்கள் மூச்சிரைக்க இறங்கி ஓடிவருவார்கள். அவர்கள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பிச்சைக்காரனை மந்திரியாக்கி மேலே அனுப்பிவிடுவாள்.

அவள் கணவரை நாங்கள் ராஜா என்றுதான் கூப்பிடுவோம். ராஜா வேஷம் என்றால் அவரைத் தவிர வேறு யாரையும் கேட்க மாட்டார்கள். நல்ல உயரம், கனத்த குரல். மேடைக்கு வெளியிலும் சாதாரண நாற்காலியில் சிம்மாசனத்தில் அமர்வதுபோலத்தான் உட்காருவார். "மகாராஜா, அப்படியே எழுந்து அந்தக் குப்பையைக் கொட்டிட்டு வந்தா தேவலை" என்பாள் அக்கா. அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துப்போவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெரிய சண்டை போட்டதாகவும் நான் பார்த்ததில்லை. பிற்பாடு ஆளாளுக்குக் காரணம் தேடினார்கள். கூடவே இருந்த எனக்கு எதுவும் அகப்படவில்லை.

ஒரு வருஷம் குழு வெளியூர்களுக்கு நீண்ட பயணம் போயிற்று. வேனில் இடம் குறைவு என்பதால் உடைக்கும் ஒப்பனைக்கும் ஆள் கூட்டிப்போக மாட்டார்கள். நடிகர்களே ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் இருவரும் பின்தங்கி அடுத்த நாடகத்துக்கான வேலையைச் செய்துகொண்டிருந்தோம். வேன் திரும்பி வந்த மத்தியானம் அக்கா பின்வாசலில் போய் நின்றாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். வழக்கமாக இறங்கும்போதே அவளைச் சீண்டுகிறவர்கள் அன்றைக்கு ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்கள். மேனேஜர் வேனின் பின்சக்கரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் எங்க?" என்று கேட்டாள்.

"அங்க ஒரு சின்ன வேலைம்மா. ரெண்டு நாள்ல வந்துடுவார்."

உடைப் பெட்டியை நாங்கள் இருவரும் கீழே இறக்கித் திறந்தோம். எல்லாவற்றுக்கும் மேலே ராஜாவின் சிவப்பு அங்கி இருந்தது. அவர் அதை ஒருநாளும் மடித்தவர் அல்ல. கழற்றினால் கழற்றின இடத்தில்தான் கிடக்கும், அக்காதான் முணுமுணுத்துக்கொண்டே எடுப்பாள். அன்றைக்கு எல்லாப் பொத்தானும் போட்டு, கைகள் இரண்டும் பின்பக்கமாகத் திருப்பி, கடையில் அடுக்கிவைக்கும் சட்டை மாதிரி நேர்த்தியாக மடித்திருந்தது. அக்கா அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மடிச்சு வச்சிருக்கார்" என்றாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு துவைக்கப் போனாள்.

செய்தி துண்டு துண்டாக வந்தது. பயணத்தில் ஓர் ஊரில் அவர்கள் தங்கிய சிறிய விடுதியை ஒரு பெண்மணி நடத்திவந்தாள். ராஜா அங்கேயே தங்கிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒரு துணுக்கைக் கொண்டுவந்து அக்காவிடம் சேர்த்துவிட்டுப் பாரம் இறங்கியவர்களாகப் போனார்கள். அதுவரை அவரை அவர் இவர் என்று மரியாதையாகப் பேசிய வாய்கள் எல்லாம் அந்த வாரமே அவன் இவன் என்று மாறிவிட்டன. அக்கா மட்டும் கடைசிவரை மாற்றவில்லை. ஏனென்று நான் கேட்டதற்கு, நாக்குக்குப் பழகிவிட்டது என்றாள்.

புது ராஜாவாக வந்தவன் ஒல்லி. அங்கிக்குள் அவன் நின்றதைப் பார்த்து டைரக்டரே சிரித்துவிட்டார். டைரக்டர் போன பிறகு அக்கா அவனைச் சுற்றிச் சுற்றி வந்து ஊசி குத்தினாள். தன் புருஷன் உடம்பின் மேல் வைத்து அளவெடுத்துத் தைத்த தையலை அவளே பிரித்தாள். தோளில் கொஞ்சம், இடுப்பில் நிறையப் பிடித்தாள். அவனுக்குத்தான் சங்கடம் தாங்கவில்லை. "மன்னிச்சுக்குங்கக்கா" என்றான். "நீ என்ன பண்ணுவே, கையைத் தூக்கு" என்றாள், பல்லிடுக்கில் ஊசியோடு. அந்த மாதம் முழுக்க அவள் வாயில் ஊசி இருந்ததாக எனக்கு ஞாபகம். ஊசி இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

மாமியார் போன் செய்தாள். அவன் சின்ன வயசிலேயே கோபித்துக்கொண்டு போவான், பசித்தால் தானாக வந்துவிடுவான் என்று தைரியம் சொன்னாள். "அங்க சாப்பாடு நல்லாயிருக்கும் போல அத்தை" என்று அக்கா பதில் சொன்னாள். அக்காவின் தம்பி வந்து, பேசாமல் எங்கள் வீட்டோடு வந்துவிடு என்று கூப்பிட்டான். அவன் பின்னால் நின்ற அவன் மனைவி அறையின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாளாம். அக்கா காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். தெரிந்தவர்கள் விசேஷங்களுக்குக் கூப்பிடுவது மெல்ல நின்றது. தம்பதியாக அழைப்பதா, தனியாக அழைப்பதா என்று அவர்களுக்குக் குழப்பம். குழப்பம் வந்தால் விட்டுவிடுவதுதானே சுலபம்?

"செத்துப்போயிருந்தா நாலு பேர் வந்து உட்கார்ந்து அழுதிருப்பாங்க" என்று ஒருமுறை சொன்னாள். "இதுக்கு யாரும் வர மாட்டேங்கறாங்க."

அவள் வீடு மூன்றாவது மாடியில். நான் எப்போதாவது போவேன். அவருடைய செருப்பு வாசலிலேயே இருந்தது. யாராவது மணியடித்தால் ஆம்பிளை இருக்கிற வீடு என்று நினைக்கட்டும் என்பாள். விடுமுறை நாளில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுத் துணி துவைப்பாள். சாதம் மட்டும் பல காலம் மிஞ்சிக்கொண்டே இருந்தது. இரண்டு பேருக்கு அளந்து பழகிய கை, ஒருத்திக்கு அளக்கத் தெரியாமல் தடுமாறியது. மிஞ்சியதை மறுநாள் டப்பாவில் போட்டு எனக்குக் கொண்டுவருவாள். நான் கொஞ்சம் குண்டானது அப்போதுதான்.

எங்கள் குழு போட்ட நாடகங்களில் பாதிக்கு மேல், புருஷன் விட்டுப்போன பெண்ணின் கதை. காட்டில் விட்டுவிட்டுப் போன அரசன், கப்பலேறிப் போன வணிகன், போருக்குப் போய் வேறு தேசத்தில் மாலை மாற்றிக்கொண்ட தளபதி. கடைசிக் காட்சியில் எல்லாரும் திரும்பி வருவார்கள். அவள் ஓடிவந்து காலில் விழுவாள், சனங்கள் கைதட்டுவார்கள். இப்படி ஒரு ராணிக்கு உடை தைக்கும்போது, துணி கிழிந்து அழுக்கேறித் தொங்க வேண்டும் என்றார் டைரக்டர். விட்டுவிட்டுப் போன புதிதில் ஒருத்தி முன்னைவிட நன்றாகத் துவைத்து உடுத்திக்கொள்வாள், பார்க்கிறவர்கள் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதே என்று இருக்கும் என்றாள் அக்கா. டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். கடைசி வரிசையில் இருப்பவனுக்கு அது தெரியாதே அக்கா, கிழிந்தால்தான் தெரியும் என்றார். அதுவும் சரிதான் என்று அவளே கத்தரிக்கோலை எடுத்துக் கிழித்தாள். நாடகம் நன்றாக ஓடியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தக் கடைசிக் கைதட்டல் மேலே கேட்கும்போது கீழே மிஷினை வேகமாக மிதிப்பாள்.

போகப்போக அவள் அந்த விடுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பார்த்ததே இல்லை, ஆனால் அறை அறையாகத் தெரியும். மழை பெய்தால், "அங்க மாடி ஒழுகும், அவர் ஏறிப் பார்க்க மாட்டார், அவளேதான் பார்க்கணும்" என்பாள். முதலில் அதில் எரிச்சல் இருந்தது. வருஷங்கள் கழிய, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட உறவுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல ஆகிவிட்டது. இப்போது அவருக்குக் கண்ணாடி போட்டிருப்பார்கள், அவளுக்கும் முடி நரைத்திருக்கும் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொள்வாள். நானும் ஊம் கொட்டுவேன்.

ஒரு நாள் மாலை ஆட்டத்துக்கு முன்னால் நான் ஒரு நடிகனுக்குத் தாடி ஒட்டிக்கொண்டிருந்தபோது, படியில் பழக்கமில்லாத காலடி கேட்டது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். நீண்ட பயணத்தில் கசங்கிய உடை, கையில் ஒரு பை. இங்கே ஊசி அக்கா என்பது யார் என்று கேட்டாள். நான்தான் என்று அக்கா எழுந்தாள்.

"அவர் இங்க வந்தாரா அக்கா?"

எல்லாரும் கூப்பிடும் அதே அக்காதான். ஆனால் அந்த வாயிலிருந்து வந்தபோது அது வேறு மாதிரி விழுந்தது. வந்தவள் யார் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. நான் தாடிக்காரனைப் பாதித் தாடியோடு வெளியே அனுப்பினேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது போனாராம். நண்பரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். தெரிந்த இடமெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் பழைய வீட்டுக்குத்தான் திரும்பியிருக்க வேண்டும் என்று தோன்றி இங்கே வந்திருக்கிறாள்.

"இங்க வந்திருந்தா பரவால்லன்னு நினைச்சேன்" என்றாள். "எங்க இருக்கார்னாவது தெரியுமில்ல."

அக்கா மிஷின் மேலிருந்த துணியை எடுத்து ஒதுக்கி வைத்தாள். பிறகு, "போறதுக்கு முன்னாடி எதையாவது ஒழுங்கு பண்ணினாரா?" என்று கேட்டாள்.

அவள் யோசித்தாள். "சமையலறைக் குழாய் ரொம்ப நாளா ஒழுகிட்டிருந்தது. அன்னிக்குக் காலையில சரி பண்ணினார். நான் சொல்லவே இல்ல."

"அப்ப வர மாட்டார்" என்றாள் அக்கா.

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். விடுதிக்காரி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் கைமடிப்பில் தையல் விட்டுத் தொங்கியது அக்காவின் கண்ணில் பட்டது. கழற்றச் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பில் இருக்கும்போதே தைத்துவிட்டாள். மேலே ஆட்டம் தொடங்கியது. காலடிச் சத்தத்தில் அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். "அது புது ராஜா" என்றாள் அக்கா. "புதுசுன்னா, அவனும் பழசாயிட்டான்."

அவளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். ஊருக்குப் போனதும் சொல்லு என்று நம்பர் கொடுத்திருந்தாள்.

அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருக்கும் என்று நான் நினைத்தேன். இருந்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகுதான் அவள் ஒடுங்கிப்போனாள். நாக்கின் கூர் குறைந்தது. குண்டன் வசனம் மறந்து நின்றால்கூட ஒன்றும் சொல்வதில்லை. மழை கொட்டிய ஒரு நாளில் விடுதி மாடியைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானே கேட்டேன்.

"அந்த வீட்டுல விளக்கு எரியுதுன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றாள். "அவர் எங்கயோ ஓரிடத்துல உட்கார்ந்து சாப்பிடுறார்னு இருந்தது. கோபப்படவாவது ஒரு அட்ரஸ் இருந்தது. இப்ப அங்கயும் ஒருத்தி தனியா உட்கார்ந்திருக்கா. அவரை நினைச்சா எங்க கொண்டுபோய் வச்சு நினைக்கிறதுன்னு தெரியல."

விடுதிக்காரி ஊர் போய்ச் சேர்ந்ததைப் போனில் சொன்னாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டாள். இருவரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லையாம். முழங்கால் வலி, விலைவாசி, இப்படித்தான். ஞாயிறு வந்தால் அக்கா சீக்கிரம் குளித்துத் தயாராகிவிடுவாள் என்பதை நான் கவனித்தேன். பிறகு அந்தப் பெண் விடுதியை விற்றுவிட்டுத் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். கூப்பிடுவது குறைந்து, நின்றே போயிற்று. நீங்களே கூப்பிடலாமே என்றேன். "என் குரலைக் கேட்டா அவளுக்கு அவர் ஞாபகம் வரும். இப்பத்தான் கொஞ்சம் மறந்திருப்பா" என்றாள். அவரைப் பற்றி எந்தத் தகவலும் அதற்குப் பிறகு யாருக்கும் வரவில்லை.

போன வருஷம் அவள் வீடு மாற்றினாள். அவருக்குத் தெரிந்த விலாசம் என்பதால்தான் அத்தனை காலம் மூன்று மாடி ஏறி இறங்கினாள் என்று எனக்குத் தெரியும். அவளாக அதைச் சொன்னதில்லை, முழங்காலைத்தான் காரணம் சொன்னாள். புது இடம் தியேட்டருக்குப் பின் தெருவில் ஒரே அறை. ஜன்னலுக்கு நேரே ஒரு கார் கழுவும் கடை. நாள் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சும் சத்தம். நான்தான் கூட இருந்து சாமான் அடுக்கினேன். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் போதும் அல்லவா?

வேலை முடிந்து நான் பையை எடுத்தேன். அவள் அலமாரிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்" என்றாள், திரும்பாமலே.

இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எதிரே ஒருவன் வெள்ளைக் கார் ஒன்றுக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தான். அவன் ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பத் தேய்க்கிறான் என்றாள் அக்கா. ஆமாம் என்றேன். இருட்டத் தொடங்கும்வரை இருந்துவிட்டு, என் வீட்டிலும் ஆட்கள் காத்திருந்ததால், எழுந்து வந்தேன்.