பெண் பார்க்கப் போன டூப்ளிகேட் வாட்ச்

டூப்ளிகேட் வாட்ச் கட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போனால் அந்தக் கல்யாணமும் டூப்ளிகேட் ஆகிவிடும், சட்டப்படி செல்லாது, தாலி கட்டி முடித்த பிறகும் போலீஸ் வந்து பந்தலைப் பிரித்துப் போட்டுவிடும் என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வயதில் இதைவிடப் பெரிய முட்டாள்தனங்களையும் நம்பியிருக்கிறேன். ஆனால் அவற்றுக்காக யார் வீட்டு நடுக்கூடத்திலும் விழுந்து புரண்டதில்லை.

வாட்ச் என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. ஒக்கலிபுரத்தில், ரயில் போகும்போதெல்லாம் அலமாரிப் பாத்திரங்கள் கூடவே புறப்படத் துடிக்கும் எங்கள் வீட்டில், எங்களோடுதான் இருந்தார். எம்.ஜி. ரோட்டில் ஓர் உயரமான கட்டடத்தில் லிப்ட் ஓட்டினார். லிப்டுக்குள் நிற்கிற மனிதர்களுக்குப் பார்ப்பதற்கு வேறொன்றும் கிடையாது. எல்லோர் கண்ணும் பொத்தான் அழுத்துகிற கையில் வந்து உட்கார்ந்துவிடும். அந்தக் கையில் தகதகவென்று ஒரு சுவிஸ் வாட்ச். வெளிநாட்டுக் கோடீஸ்வரர்கள் கட்டுகிற ஜாதி. டயலில் கம்பெனிப் பெயர், முத்திரை, பன்னிரண்டு மணிக்கு ஒரு கல். வாட்ச் வந்த பிறகுதான் மாமா இடது கையால் பொத்தான் அழுத்தப் பழகிக்கொண்டார் என்பது அப்பாவின் குற்றச்சாட்டு.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பிளாட்பாரத்தில் விரித்த ஒரு துணியின்மேல் இருந்து அதைப் பொறுக்கி எடுத்தார். இதை அவர் ஒருவரிடமும் மறைத்ததில்லை. மறைக்காததோடு நிற்காமல், அதைச் சொல்லுவதில் அவருக்கு ஒரு தனி ருசி இருந்தது. ஒருநாள் என்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். டை கட்டிய ஆபீசர் ஒருவர் வாட்சைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, எங்களவிட சம்பளம் ஜாஸ்தியா உனக்கு" என்று கேட்டார்.

"டூப்ளிகேட்டு சார். சிவாஜிநகரு. ஒரிஜினல் கட்டறவனா இருந்தா உங்கள எதுக்கு சார் மேலயும் கீழயும் ஏத்தி எறக்கிக்கினு இருக்கேன்."

லிப்டே சிரித்தது. ஓரமாக நின்ற இன்னொரு ஆபீசர் மட்டும் சிரிக்காமல் தன் சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அவருக்குக் குளிர்கிறதோ என்று நினைத்தேன்.

மாமாவுக்குப் பெண் அமையாமல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. மூன்று இடத்தில் லிப்ட் வேலை என்றதும் ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாலாவதாக வந்தது ஆனேக்கல் இடம். பெண்ணின் அப்பா அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டெய்லர் கடை வைத்திருந்தார். பெண்ணின் போட்டோவை மாமா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கீழ்த்தளத்திலிருந்து உச்சிவரை எல்லா மாடிக்காரர்களிடமும் காட்டி அபிப்பிராயம் கேட்டிருந்தார். இந்த இடமும் போனால் அவர் தாங்கமாட்டார் என்பது எனக்கே தெரிந்தது.

எங்கள் ஜனங்களில் ஒரு வழக்கம். நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அண்ணனோ தம்பியோ மாப்பிள்ளை கையில் ஒரு வாட்ச் கட்டுவார். அதனால் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை, வீட்டில் எத்தனை வாட்ச் இருந்தாலும், வெறுங்கையோடுதான் போவார். இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிற மரியாதை அது. கிளம்புகிற அன்று காலையில் அம்மா அதைத்தான் ஞாபகப்படுத்தினார்.

"கழட்டி வெச்சிட்டு வாடா."

"இன்னாத்துக்குக்கா? லிப்ட்ல ஊரே பாக்குது. கட்டிக்கப் போறவ பாக்கக் கூடாதா?"

"அவங்க ஒண்ணு கட்டுவாங்க இல்ல?"

"கட்டட்டும். ரெண்டு கை இருக்குதே."

"காலு வேற ரெண்டு இருக்குது," என்றார் அப்பா, ஷேவிங் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

அம்மா தோற்றுப்போய் ஒரு நிபந்தனை போட்டார். "கட்டிக்கினு வந்து தொல. ஆனா அங்க அந்த வார்த்தைய எடுத்தியோ, நான் உனக்கு அக்காவே இல்ல. வாட்ச் டூப்ளிகேட்டுன்னு தெரிஞ்சா மாப்பிள்ளையும் டூப்ளிகேட்டு, கல்யாணமும் டூப்ளிகேட்டுன்னுடுவாங்க."

"நானா சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லுவேன்."

கேட்டால் சொல்லுவேன் என்பது மாமாவின் அகராதியில் சொல்லுவேன் என்றே அர்த்தம். அம்மா என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டார். "நீ அவன் பக்கத்துலயே குந்து. யாராவது வாட்ச் பேச்ச எடுத்தா, எதையாவது பண்ணி பேச்ச மாத்து." எதைப் பண்ண வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பெற்றவர், அவ்வளவு அஜாக்கிரதையாக இருந்திருக்கக் கூடாது.

ஆனேக்கல் வீட்டில் நன்றாகத்தான் வரவேற்றார்கள். பாய் விரித்து, பேன் போட்டு, எங்கள் அப்பாவுக்கு மட்டும் நாற்காலி கொடுத்தார்கள். பெண்ணின் அண்ணன், இருபத்துச் சொச்சம் வயது, மாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். பெண்ணின் அப்பா தொழில் புத்தியோடு மாமாவைக் கண்ணால் அளவெடுத்தார். தோள், மார்பு, கை நீளம். மணிக்கட்டுக்கு வந்ததும் பார்வை நின்றுவிட்டது. முகம் வாடியது. அண்ணனின் சிரிப்பும் நின்றது. அண்ணன் மெதுவாக எழுந்து உள்ளே போனார்.

கண்டுபிடித்துவிட்டார்கள். டெய்லர் ஆயிற்றே. துணியை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தே அசல் எது, கலப்படம் எது என்று சொல்கிற ஆள். அவர் வீட்டுக்கா இந்த வாட்சைக் கட்டிக்கொண்டு வர வேண்டும்?

"வாட்ச்சு நல்லா இருக்குது தம்பி," என்றார் அவர்.

மாமா வாயைத் திறப்பதற்குள் நான், "ஒண்ணுக்கு வருது," என்றேன். சபையில் சொல்கிற சத்தத்தைவிடச் சற்று அதிகமாகவே சொன்னேன். என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். வராததை வரவழைத்துவிட்டு ஓடி வந்தேன்.

அடுத்து பெண் காப்பி கொண்டுவந்தார். போட்டோவில் இருந்ததைவிட உயரம். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவோரமாக நின்ற பெண்ணின் அம்மா, "பாரின் வாட்ச்சுங்களா?" என்று கேட்டார். மாமாவின் முகத்தில் அந்த ருசி ஏறுவதை நான் பார்த்தேன். லிப்டில் பார்த்த அதே முகம். என் கை தானாகவே போய் அவருடைய டம்ளரைத் தட்டியது. வெள்ளைச் சட்டை முழுக்கக் காப்பி.

பெண் ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்து மாமாவிடம் நீட்டினார். "தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. இல்லனா கறை புடிச்சிக்கும்." இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். அதற்காகவாவது எனக்கு யாராவது நன்றி சொல்லியிருக்கலாம். மாமா பார்த்த பார்வையில் நன்றி இல்லை.

மூன்றாவது தடவைக்கு நான் காத்திருக்கவில்லை. மாமாவின் இடது கையை இழுத்து என் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். வாட்ச் தொடையில் குத்தியது. பொறுத்துக்கொண்டேன்.

அப்போது உள்ளறையில் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. விருந்தாளிக்குப் புரியக் கூடாதென்று கன்னடத்தில் பேசினார்கள். ஒக்கலிபுரத்தில் கோலி விளையாடுவதே கன்னடத்தில்தான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. "ஆ வாட்ச் நோடு," என்றார் பெண்ணின் அம்மா. அந்த வாட்சைப் பார். அப்புறம் ஏதோ முணுமுணுப்பு. அப்புறம் பெண்ணின் அப்பா: "பேட பிடு." வேண்டாம் விடு.

எனக்கு மட்டுமா கேட்டது? அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அப்பா கூரையைப் பார்த்தார். மாமாவின் வலது கை சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டது. போட்டோ இருந்த பை. இப்போது அது காப்பியில் ஊறியிருந்தது.

பெண்ணின் அப்பா வெளியே வந்து மிகவும் பணிவாக, "ஜாதகத்த இன்னொரு எடத்துல காட்டிட்டு சொல்லி அனுப்பறோங்க," என்றார். மூன்று இடத்தில் ஜாதகத்தை மடித்துக் கொடுத்ததற்கும் இதற்கும் பணிவு ஒன்றுதான் வித்தியாசம். எல்லோரும் எழுந்தோம். பேச்சில்லாமல் செருப்பு தேடுகிற அந்த அவஸ்தையைக் கொஞ்சம் குறைக்கத்தான், பாவம், அவர் கேட்டிருக்க வேண்டும்: "பஸ்ஸுக்கு டைம் இருக்குதா தம்பி? மணி இன்னா ஆவுது?"

மாமா கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நாலே காலு. ஆனா இத நம்பி பஸ்ஸுக்குக் கெளம்பாதீங்க. டூப்ளிகேட்டு. சிவாஜிநகர் பிளாட்பாரத்துல வாங்கனது. மழ வந்தா நின்னுடும், வெயில்ல ஓட ஆரம்பிச்சிடும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் தரையில் விழுந்தேன். எழுதி வைத்துப் படித்தாற்போல எல்லாம் ஒன்றாக வாயில் வந்தது. "எங்க மாமா டூப்ளிகேட் இல்ல, ஒரிஜினல் மாமா, வாட்ச்ச தூக்கிப் போட்டுடுவாரு, போலீஸக் கூப்பிடாதீங்க" என்று கதறிக்கொண்டு, டெய்லரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு புரண்டேன். அவர் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, என் தலைக்கு மேலாக மாமாவைப் பார்த்தார்.

"ஹௌதா? நெஜமாவா? டூப்ளிகேட்டா?"

"அசல் டூப்ளிகேட்டுங்க. பாருங்க." மாமா கழற்றிக் கொடுத்தார். கொடுத்ததோடு விடாமல், கூடத்தின் நடுவில் நின்று விளக்கவும் ஆரம்பித்துவிட்டார். ஒரிஜினலில் வினாடி முள் வழுக்கிக்கொண்டு போகும், இதில் நொண்டி அடிக்கும். ஒரிஜினல் கனமாக இருக்கும், இதை ஊதினால் பறக்கும். வார் ஓரத்தில் தங்கம் போய்ப் பித்தளை தெரிகிற இடத்தைக் கூட விரலால் காட்டினார். தோற்றுப்போய்த் திரும்புகிற மனிதர் தன் வாட்சை இத்தனை கர்வத்தோடு காட்டி நான் பார்த்ததில்லை. உள்ளே இருந்து ஒரு சிரிப்பு கேட்டது. பெண்ணின் சிரிப்பு. அடக்கப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு.

"டேய், வெளிய வாடா," என்று பெண்ணின் அப்பா மகனைக் கூப்பிட்டார். அவர் வந்து வாட்சை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். பெண்ணின் அம்மா எங்கள் அம்மாவின் கையைப் பிடித்து, "குந்துங்க அண்ணி, அடுத்த பஸ்ஸுக்குப் போவீங்க. வடைக்கு மாவு அரைச்சி வெச்சிருக்கேன்," என்றார். அண்ணி என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். அன்றைக்கே பூ வைத்து உறுதி செய்துவிட்டுத்தான் கிளம்பினோம். நான் எட்டு வடை சாப்பிட்டேன். அழுதால் பசிக்கும்.

நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அண்ணன், இரும்புப் பட்டை போட்ட ஒரு சாதாரண வாட்சை மாமாவின் இடது கையில் கட்டினார். தங்க வாட்ச் வலது கைக்குக் குடிபோனது. லிப்டில் யாராவது கேட்டால் மாமா இரண்டு கையையும் நீட்டுவார். "இது டூப்ளிகேட்டு சார், நான் வாங்கனது. இது ஒரிஜினலு, மச்சான் கட்டனது." இரண்டாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். அந்தக் குரலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மார்பு விரிகிறது.

ஆனால் அந்தக் கல்யாணத்தின் பெருமையை நான் யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை. என் அழுகையைப் பார்த்து மனம் இரங்கித்தான் பெண் கொடுத்தார்கள் என்பது என் வாதம். கல்யாணப் பந்தியில் அதைச் சொல்லி இரண்டாவது ஜாங்கிரி வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் சொன்னேன். எனக்கு மீசை முளைத்த பிறகும் சொன்னேன். ஒருநாள் மாமா வீட்டில் அவருடைய மகளிடம், நான் மட்டும் அன்றைக்கு உருண்டு புரளாவிட்டால் நீ பிறந்தே இருக்கமாட்டாய் என்று விரிவாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை, அன்றைக்குக் காப்பி கொண்டுவந்த அதே பெண், தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நீ அழுததுக்கு எங்கப்பா பயந்தது வேட்டி அவுந்துடும்னுதான்டா. எங்கண்ணன் அதுக்கு முன்னாடியே மாப்பிள்ளைக்குன்னு அந்த இரும்பு வாட்ச்ச வாங்கி பீரோல வெச்சிருந்தான். உங்க மாமா கையப் பாத்தோன்ன எங்கப்பாவுக்கு தூக்கிவாரிப் போட்டுச்சி. இவ்ளோ பெரிய வாட்ச் கட்டற கையில நம்ம இத எப்படிக் கட்டறது, அந்த எடம் நமக்கு எட்டாதுன்னு எங்கம்மாகிட்ட சொன்னாரு."

அவர்கள் உள்ளே போய் வேண்டாம் என்று முடிவு செய்தது, வாட்ச் டூப்ளிகேட் என்று சந்தேகப்பட்டு அல்ல. அது அசல் என்று நம்பி.