அணைக்காத இன்ஜின்

டாக்ஸிக்காரருக்கு அந்த வட்டாரத்தில் ‘உறுமல்’ என்று பட்டப்பெயர். சிக்னலோ பள்ளிக்கூட வாசலோ, வண்டி நிற்கும். இன்ஜின் மட்டும் நிற்காது. ஏறியவர்கள் ஜாடையாகச் சொல்லிப் பார்ப்பார்கள், இருமியும் பார்ப்பார்கள். மனுஷன் அசைய வேண்டுமே! அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்தால்தான் பெட்ரோலை அதிகம் குடிக்கும் என்று ஆறு வருடமாக ஒற்றைக் காலில் நின்றார்.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒருநாள் பட்டறைக்காரர் வேட்டு வைத்தார். டாக்ஸிக்காரரின் மனைவியும் அன்று கூட வந்திருந்தாள். பழைய வண்டிதான், பட்டறைக்காரர் பெட்ரோல் குழாயைக் கழற்றி, பெட்ரோல் நிரப்பிய ஒரு பாட்டிலில் மாட்டினார். பத்து தடவை அணைத்து ஸ்டார்ட் செய்ததில் ஒரு விரற்கடை குறைந்தது. ஐந்து நிமிடம் சும்மா உறுமவிட்டதில் மூன்று விரற்கடை போய்விட்டது.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

“கண்ணால பாத்தீங்கள்ல? இன்னும் என்ன?” என்று கேட்டாள் மனைவி.

அவர் மென்று விழுங்கினார். பிறகு சொல்லிவிட்டார். ஆறு வருடத்துக்கு முன் இதே கேட்டில்தான் இன்ஜினை அணைத்தார். மாமனார் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று அடித்துப் பிடித்துக் கிளம்பிய நாள் அது. கேட் திறந்தும் வண்டி கிளம்பவில்லை. அரை மணி நேரம் போயிற்று. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எத்தனை மணிக்கு உயிர் போனது என்று யாரிடமும் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அன்று வழியெல்லாம் அவள் பேசாமல் வந்ததைக் கோபம் என்றே நினைத்திருந்தார்.

“என்னாலதான் உங்கப்பா முகத்தை உசுரோட பாக்க முடியாம போச்சு.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“நாம வீட்டைப் பூட்டும்போதே தம்பி போன் பண்ணிட்டான். அப்பவே அப்பா போயிட்டாரு. சொன்னா உங்க கை நடுங்கும், நீங்கதானே ஓட்டணும்னு சொல்லாம வந்தேன். உங்க மனசுல இது கெடக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அன்று நின்றுபோன வண்டிக்குள் அத்தனையையும் அடக்கிக்கொண்டு இவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். தான் வெளியே நின்று டயரை உதைத்துக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

சாவியைத் திருப்பினார். உறுமல் நின்றது. அந்த அமைதியில் அவள் அழுவது கேட்டது.

ரயில் போய், கேட் திறந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் சாவியைத் தொடவில்லை.

“அடிக்கட்டும். நீ அழுது முடி.”