பாகூர் சாலையில் நின்றுபோன வண்டி

போன வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு காலைப் பொழுதில், என் அண்ணன் ஸ்டீபன் தன் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போனான். திரும்பி வரும் எண்ணம் அவனுக்கு இல்லை. அவனைத் திருப்பிக் கொடுத்தவர் ஆண்டவர். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அபிஷேகப்பாக்கம். அப்பா இல்லை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் எங்களை வளர்த்தார். அம்மாவுக்குக் கையெழுத்து வராது. அண்ணன் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் பி.காம். முடித்தேன். எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. தவளக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் எது வந்தாலும் தெருவே என்னிடம்தான் கொண்டுவரும்.

அண்ணன் ஷிப்டில் ஒரு தீபாவளிச் சீட்டு நடக்கும். மாதாமாதம் பணம் போட்டு, பண்டிகைக்கு முன்னால் பிரித்துக்கொள்வார்கள். துணி, பட்டாசு, பலகாரம் எல்லாம் அதில்தான். பணம் இருப்பது எப்போதும் என் அண்ணன் கையில். சீட்டைத் தொடங்கிய வேலு அண்ணன் பாகூர்க்காரர். அவர் சொன்ன காரணத்தை அண்ணன் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

“டேய் ஸ்டீபா, எங்ககிட்ட இருந்தா ஆடிக்கே காலியாயிடும்டா. நீதான் தீபாவளி கொண்டாட மாட்டியே. உன் கையிலயே இருக்கட்டும்.”

அந்தப் பணத்தை அண்ணன் டிஜிட்டல் நாணயத்தில் போட்டுவிட்டான். யாரோ ஒருவர் போனில் காட்டியிருக்கிறார். ஆளுக்கு ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்து எல்லாரையும் அசத்தலாம் என்று நினைத்திருக்கிறான். ஷிப்டில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது, அவன் போனை நீட்டிய அன்று.

“பாப்பா, இதுல இன்னா போட்டிருக்கான், படி.”

படித்தேன். நாணயம் வாங்கி விற்கும் அந்த எக்ஸ்சேஞ்ச் கம்பெனி, பணம் எடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருப்பதாக எழுதியிருந்தது. வாடிக்கையாளரின் பொறுமைக்கு நன்றியும் சொல்லியிருந்தது.

“தற்காலிகம்னா ரெண்டு நாளா?”

நாம் வாங்கும் நாணயம் நம்மிடம் இருப்பதில்லை, அந்தக் கம்பெனியிடம்தான் இருக்கிறது. கம்பெனி கதவைச் சாத்தினால் நமக்கு மிஞ்சுவது திரையில் தெரியும் ஒரு எண் மட்டும்தான். அதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார். “அந்தக் காச வச்சி அரிசி வாங்கலாமா?”

“முடியாதும்மா.”

“பஸ்சுல டிக்கெட்டு எடுக்கலாமா?”

“முடியாது.”

“அப்ப இன்னாத்துக்குடா அது?”

அண்ணன், “வெல ஏறும்மா, வித்துக்கலாம்” என்றான். அதற்குமேல் அவனுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரியாது.

நான் விடவில்லை. படித்தவள் நான் இருக்கும்போது என் அண்ணனை யார் ஏமாற்றுவது? கம்பெனிக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பினேன். பிழையில்லாத ஆங்கிலம். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் வந்தது. அதை எழுதியது மனிதன் இல்லை, இயந்திரம். பிறகு அந்தப் பதிலும் நின்றது.

தீபாவளி நெருங்கியது. ஷிப்டிலிருந்து போன் வரத் தொடங்கியது. முதலில், “எப்ப பிரிக்கற?” பிறகு, “ஏன்டா போன எடுக்க மாட்டேங்கற?” வேலு அண்ணனின் மனைவி அழைத்தபோது ஸ்பீக்கர் இல்லாமலே எங்கள் வீடு முழுக்கக் கேட்டது. “எம் புள்ளைங்க துணி இல்லாம நிக்கணுமா? நல்லவன்னு நம்பித்தான குடுத்தோம்!”

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினான். ஷிப்டுக்குப் போவதையும் நிறுத்தினான்.

அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வண்டியை வெளியே தள்ளியவன் திரும்பிப் பார்த்து, “அம்மாவ பாத்துக்கோ பாப்பா” என்றான். கடைக்குப் போகிறவன் சொல்லும் வார்த்தையா அது? நான் ஓடி வருவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது. உள்ளே கட்டில்மேல் அவன் போன், வாட்ச், தொழிற்சாலை அட்டை. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, ஒழுங்காக வைத்திருந்தான்.

அது பாகூர் ஏரி நிரம்பிக் கிடந்த வாரம்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன்களை வண்டியில் தவளக்குப்பம் பக்கம் அனுப்பினேன். பாஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் காவல் நிலையத்துக்குக் கிளம்பினார். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அம்மா பக்கத்தில் முழங்கால் போட்டேன்.

சபையில் நான் ஜெபித்தால் எல்லாரும் கவனித்துக் கேட்பார்கள். அழகாக ஜெபிக்கும் பெண் என்று எனக்குப் பெயர். அன்று ஒரு வாக்கியம்கூட வரவில்லை. “நிறுத்தும் ஆண்டவரே. எங்கயாவது அவன நிறுத்தும்.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மாவும் அதையே சொன்னார். எங்கள் வாயில் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

நடுவில் அண்ணன் போன் வெளிச்சம் போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த நாணயச் செயலிதான். விலை ஏறியிருக்கிறதாம். பச்சை நிறத்தில் ஒரு அம்பு. என் அண்ணன் எங்கே என்று தெரியாத நேரத்தில் அவன் பணக்காரனாகிக்கொண்டிருந்தான். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சற்று நேரத்தில் மணி அடித்தது. திரையில் ‘வேலு’.

எடுக்கவில்லை. இந்த நேரத்தில் ஏச்சு கேட்க என்னிடம் தெம்பில்லை. நின்றது. மறுபடி அடித்தது. மறுபடியும் எடுக்கவில்லை. மூச்சுவிடாமல் மூன்றாவது முறை அடித்தபோது அம்மா சொன்னார், “எடுடி. திட்டினா திட்டட்டும்.”

எடுத்தேன்.

“அட, இப்பவாவது எடுத்தியே! யாரு, தங்கச்சியா? இன்னாம்மா, போன வூட்ல வச்சிட்டு உங்கண்ணன் இங்க கரும்புக் காட்டோரம் தலைல கைய வச்சினு ஒக்காந்திருக்கான்? வண்டில சொட்டு பெட்ரோல் இல்ல!”

அழுதேன். வேலு அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. குரல் அடங்கியது. “பயப்படாதம்மா. ஆளு நல்லாத்தான் இருக்கான். நான் இட்டுனு வரேன்.”

நடந்ததை அண்ணன் பிறகு சொன்னான். ஏரியைப் பார்த்துத்தான் போயிருக்கிறான். வழியில் வண்டி ரிசர்வில் ஓடுவது தெரிந்தது. பெட்ரோல் பங்கைக் கடந்தபோது சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். ஒன்றுமில்லை. திரையில் அத்தனை நாணயம் வைத்திருந்தவனிடம் அரை லிட்டர் பெட்ரோலுக்கு வழியில்லை. ஏரிக்கு வெகுதூரம் இருக்கும்போதே வண்டி இருமி நின்றது. மிதித்துப் பார்த்தான். தள்ளிப் பார்த்தான். சாப்பிடாத உடம்பு, முடியாமல் உட்கார்ந்துவிட்டான். அதே சாலையில், அதே நேரத்தில், எங்கள் வீட்டுக்கு வந்து சட்டையைப் பிடிப்பதற்காகவே வேலு அண்ணன் பாகூரிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

போனை வைத்த பிறகு அண்ணன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். பணம் போனதை, எங்கே போய்க்கொண்டிருந்தான் என்பதை. வேலு அண்ணன் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாராம்.

“காசு பூடுச்சு, சரி. நீயும் பூட்டினா நான் யார்கிட்டடா போய்க் கேக்கறது?”

தன் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து அண்ணன் வண்டியில் ஊற்றி, முன்னால் அவனை ஓட்டவிட்டு, பின்னாலேயே வந்து வாசலில் சேர்த்தார். அம்மா அண்ணனைக் கட்டிக்கொண்டார். பிறகு வேலு அண்ணன் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கூச்சத்தோடு, “வுடு ஆத்தா. பசிக்குது, எதனா இருக்கா?” என்றார். பழைய சோறுதான் இருந்தது. இருவரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார்கள்.

பணம் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. இன்றுவரை வரவில்லை. சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். அதை எழுதியது நான். வேலு அண்ணன் பக்கத்தில் நிற்க, அண்ணன் ஷிப்டு முழுவதையும் கூட்டி வைத்து உண்மையைச் சொன்னான். கத்தினார்கள். ஒருவர் இன்னும் பேசுவதில்லை. மற்றவர்கள், அண்ணன் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கடனைத் தீர்க்க ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தீபாவளிக்கு அந்த வீடுகளில் புதுத்துணி இல்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

அண்ணன் இப்போது ஞாயிறு ஆராதனைக்குத் தவறுவதில்லை. மனம் கனத்தால் என்னிடம் சொல்கிறான், ஆஸ்பத்திரி ஆலோசகரிடமும் போய்ப் பேசுகிறான். நானும் மாறினேன். என் படிப்பில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் அன்று என் பிழையில்லாத ஆங்கிலம் போகாத இடத்துக்கு ‘நிறுத்தும்’ என்று அம்மாவும் நானும் சொன்ன ஒற்றைச் சொல் போனதை நான் பார்த்தேன்.

இந்த வருடச் சீட்டு மறுபடி தொடங்கிவிட்டது. பணம் போஸ்டாபீசில், வேலு அண்ணன் பெயரும் என் அண்ணன் பெயரும் சேர்ந்த கணக்கில் இருக்கிறது. அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னான். வேலு அண்ணன் விடவில்லை. “நீதான்டா தீபாவளி கொண்டாட மாட்ட” என்றாராம்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கலாம். அல்லது அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். தனியாக இருக்காதீர்கள், யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். அழகான ஜெபம் வேண்டாம், ஒரு சொல் போதும். ஆனால் பதில் யார் மூலமாக வரவேண்டும் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். எங்களுக்கு அது, நான் இரண்டு முறை எடுக்காமல் விட்ட போனில் வந்தது.

மணி அடித்தால் எடுங்கள்.