செல்லத்தின் மூன்றாவது கல்

எக்ஸ்ரே படத்தை யாராவது ‘போட்டோ’ என்று சொல்லிவிட்டால் குழந்தைவேலுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “கல்யாணத்துக்கு எடுக்கிறதுதான் போட்டோ. அதுல பவுடர் பூசிக்கலாம். இதுல ஒருத்தர் ஜம்பமும் செல்லாது” என்பார். அவருடைய ஜம்பம் மட்டும் எல்லா இடத்திலும் செல்லும். அந்தமானின் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லாருக்கும் அவர் ‘எக்ஸ்ரே வேலு பாய்’. அந்தப் பெயரைக் கேட்டால் நடையே கொஞ்சம் மாறிவிடும்.

சீர்காழிப் பக்கத்துக்காரர். 1958-இல் மெட்ராஸில் கப்பலேறி, நாலு நாள் குடலைக் கக்கி, ‘ஒரு வருஷம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்’ என்ற நினைப்போடுதான் வந்து இறங்கினார். இங்கே அவர் கையில் கிடைத்தது ஒரு பழைய மெஷின். மின்சாரம் வந்தால் உண்டு. காற்றின் ஈரத்துக்கு, பெட்டி பிரிக்காத பிலிமில்கூடப் பூஞ்சை பூத்தது. குழந்தைவேலு ஒரு மர அலமாரிக்குள் இருபத்து நாலு மணி நேரமும் பல்பு எரியவிட்டு, பிலிம்களை அந்தச் சூட்டில் வைத்துக் காப்பாற்றினார். படம் கழுவும் டெவலப்பர் கரைசலைக் குளிரவைக்க மீன்காரர்களிடமிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்தார். அப்படிப் பாடுபட்ட மெஷினை விட்டுப் போக மனம் வருமா? ஒரு வருஷம் பதினாலு வருஷமானது. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் அவர் மனைவி நீலாவதி நட்ட முருங்கை கூரைக்கு மேல் வளர்ந்தது.

1971-இல் நடந்த ஒன்றுதான் அவரைப் பிடித்து ஆட்டியது. வங்காளிக் குடியேற்றக்காரர் ஒருவரின் சின்னப் பையனுக்குச் சிறுநீரகக் கல் ஆபரேஷன். முதலில் எடுத்த படத்தில் மூன்று கல். வெளியே வந்தது இரண்டு. மேஜைக்கு அடியில் பெரிய பிளேட்டை வைத்து இன்னொரு படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பும் விலாவும் குடல் காற்றும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, கல் இருக்கும் இடம் புலப்படவில்லை. வயிற்றைத் தைத்துப் பையனைக் கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். அங்கே பிழைத்துக்கொண்டான். யார்மேலும் குற்றம் இல்லை. ஆனாலும் குழந்தைவேலுவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

“படம் எடுத்தவன் நான். நான்தானே காட்டியிருக்கணும்?” என்று நீலாவதியிடம் புலம்பினார்.

“அந்த மெஷின் காட்டலைன்னா நீங்க என்ன செய்வீங்க? சாப்பிடுங்க.”

சாப்பிட்டார். மறுவாரமே அபர்தீன் பஜாரில் ஆட்டுச் சிறுநீரகம் நாலு வாங்கினார். கடற்கரையில் பவழப்பாறைத் துண்டு பொறுக்கி, மிளகு அளவுக்கு உடைத்துச் சிறுநீரகத்துக்குள் செருகினார். பல் வைத்தியப் பிரிவில் கெஞ்சிக் கூத்தாடிச் சின்ன பிலிம்கள் வாங்கினார். பல்லுக்குப் படமெடுக்கும் பிலிம் வாய்க்குள் அடங்குமளவு சிறியது. அதைச் சிறுநீரகத்தின் முதுகோடு ஒட்டிவைத்துப் படமெடுத்தால் எலும்பும் குறுக்கே வராது, குடலும் வராது.

கல் பளிச்சென்று தெரிந்தது. எங்கே வெட்டுவது என்பதுதான் தெரியவில்லை. அடையாளத்துக்கு இரண்டு ஊசி குத்தி எடுத்தார். பிலிமைக் கழுவும்போது தலைகீழாகப் பிடித்துவிட, மேலே இருந்த கல்லைக் கீழே தேடி அந்தச் சிறுநீரகத்தைக் கந்தலாக்கினார். உயிருள்ள பிள்ளையாக இருந்தால் என்று நினைத்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு மேல் ஊசியைக் கொக்கிபோல் வளைத்துக் குத்தினார். அதன்பின் பிலிமை எப்படித் திருப்பினாலும் வளைந்த ஊசி இருக்கும் பக்கமே மேல். ஆறு ஞாயிறுகள், இருபது சிறுநீரகங்கள். கடைசிப் பத்தில் ஒரு கல்கூடத் தப்பவில்லை.

“ஏங்க, இந்த ஊர்ல கறி கிடைக்கிறதே குதிரைக்கொம்பு. அதை வாங்கி மண்ணை அடைச்சு வீணாக்குற ஒரே மனுஷன் நீங்கதான்” என்றாள் நீலாவதி. ஆனால் ஊசியை வளைக்கத் தன் தையல் பெட்டியைத் திறந்துகொடுத்தவளும் அவள்தான்.

1972-இல் நிக்கோபாரின் கச்சால் தீவிலிருந்து செல்லம் வந்தாள். ஆறு வயது. தாய் பொன்னம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். நாடு மாறி வந்து, கச்சாலில் ரப்பர் பால் வெட்டினாள். குழந்தையின் இடது சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கி வேலையை நிறுத்தியிருந்தது. வலது ஒன்றுதான் பாக்கி. அதில் மூன்று கல்.

“ஐயா, புள்ள மூத்திரம் போகும்போதெல்லாம் துடிக்குது. நல்லாப் போயிருமா?” என்று பொன்னம்மா கேட்டாள்.

குழந்தைவேலுவுக்குக் கப்பல்தான் நினைவுக்கு வந்தது. கச்சாலுக்குக் கப்பல் மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிய காரியம். ஒரு கல்லை உள்ளே விட்டு அனுப்பி, அது அங்கே போய் வழியை அடைத்தால், அடுத்த கப்பல் வரும்வரை பிள்ளை தாங்காது.

அன்றே சர்ஜன் டாக்டர் தத்தாவிடம் போய் ஆட்டுக் கதை முழுவதையும் இந்தியில் கொட்டினார். தத்தா சிரித்தார். “பல்லுக்கு எடுக்கிறதை கிட்னிக்கா? தேவைப்பட்டால் பார்க்கலாம், வேலு பாய்.” வேலு விடவில்லை. நர்ஸ் இந்திராணியிடம் சொல்லி, பிலிமைப் போட்டு மூட ரப்பர் கையுறை நாலைக் கிருமிநீக்கி வைக்கச் செய்தார்.

ஆபரேஷன் அன்று மெஷினைத் தியேட்டர் வாசலில் நிறுத்திவிட்டு வேலு காத்திருந்தார். முதல் கல் வந்தது. இரண்டாவதும் வந்தது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. தத்தா விரலால் தடவினார், இடுக்கியால் துழாவினார், உப்புநீர் பீய்ச்சினார். மூன்றாவது கல் எங்கோ மூலையில் ஒளிந்துகொண்டது. குத்துமதிப்பாகச் சிறுநீரகத்தை வெட்டித் தேடினால் ரத்தம் நிற்காது. பிள்ளைக்கு இருப்பதே இது ஒன்று.

தத்தா நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். “வேலு பாய். ஆவோ, உள்ளே வா.”

மயக்கமருந்து டாக்டர் ஈதரை மூடித் தள்ளிவைத்த பிறகே வேலு மெஷினை உள்ளே உருட்டிவந்தார். ஈதர் ஆவியில் மெஷினின் சின்னப் பொறி பட்டாலும் தியேட்டரே எரிந்துவிடும். இந்திராணி கையுறையின் வாயை விரித்துப் பிடிக்க, வேலு கைபடாமல் பிலிமை உள்ளே நழுவவிட்டார். தத்தா அதைச் சிறுநீரகத்தின் பின்னால் வைத்தார். இரண்டு ஊசி எடுத்தார்.

“சாப், மேல் ஊசியை வளைச்சுடுங்க” என்றார் வேலு.

“எதற்கு?”

“வளைக்காம ஒருதரம் நான் தப்பா வெட்டிட்டேன். அது ஆடு, சாப்.”

தத்தா வளைத்துக் குத்தினார். படம் கலங்காமல் இருக்க மயக்கமருந்து டாக்டர் பிள்ளையின் மூச்சை ஒரு கணம் நிறுத்திப் பிடிக்க, வேலு பொத்தானை அழுத்தினார்.

பிலிமோடு இருட்டறைக்கு ஓடினார். அந்த மூன்று நிமிஷம் அவருக்கு மூன்று கப்பல் பயணம். ‘முருகா, ஆட்டுக்குக் காட்டினே, இந்தப் பிள்ளைக்குக் காட்டமாட்டியா’ என்று வாய்விட்டே சொன்னார். சிவப்பு விளக்கில் முதலில் கொக்கி வந்தது. பிறகு நேர் ஊசி. நேர் ஊசிக்கு அடியில், அரை விரல்கடை தள்ளி, பயறு அளவு ஒரு வெள்ளைப் புள்ளி.

சொட்டச் சொட்ட எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “கீழ் முனை, சாப். நேர் ஊசிக்குக் கீழே. இங்கே.”

தத்தா அங்கே ஒரு சின்னக் கீறல் போட்டார், நகம் அளவுதான். இடுக்கியை விட்டு எடுத்தார். பீங்கான் கிண்ணத்தில் மூன்றாவது கல் ‘டிங்’ என்று விழுந்தது. இந்திராணி, “அண்ணே!” என்று கத்தியேவிட்டாள். தியேட்டரில் கத்தக்கூடாது. அன்று யாரும் அவளைக் கண்டிக்கவில்லை.

“இன்னொன்று எடுத்துவிடு, வேலு பாய். துணுக்கு எதுவும் நிற்கக்கூடாது” என்றார் தத்தா. எடுத்தார். பார்த்ததும் தத்தா தலையாட்டித் தைக்க ஆரம்பித்தார். கை கழுவும்போது, “அடுத்த முறை நீ சொல்ல வேண்டாம். நானே கேட்பேன்” என்றார். பதினாலு வருஷ உத்தியோகத்தில் குழந்தைவேலுவுக்குக் கிடைத்த பெரிய பதவி உயர்வு அதுதான். சம்பளம் ஒரு பைசா ஏறவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் மேட்டில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நின்று கதை சொன்னார். ஊரே கேட்டது. கேட்கட்டுமே, அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

நாலாம் நாள் செல்லம் வலியில்லாமல் சிறுநீர் கழித்தாள். வார்டுக்குப் போன வேலு, சட்டைப் பையிலிருந்து தைப்பதற்கு முன் எடுத்த அந்தக் கடைசிப் படத்தை எடுத்துப் பொன்னம்மாவிடம் நீட்டினார். அவள் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

“இதில ஒண்ணுமே இல்லையே, ஐயா.”

“ஒண்ணுமே இல்லம்மா” என்றார் குழந்தைவேலு. “நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான்.”

ஆஸ்பத்திரி ரெக்கார்டில் வைக்கவேண்டிய படம் அது. பொன்னம்மா அதைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவர் திருப்பிக் கேட்கவில்லை.