வெளிப்பக்கம் மடித்த இலை

ஜாம்பியா நாட்டு லுசாக்காவில் குடியேறி இருபத்தைந்து வருடமாகியும் நான் செய்யும் சில காரியங்களுக்கு இந்த ஊர்க்காரர்களிடம் விளக்கம் சொல்ல முடிவதில்லை. போன மாதம் லுவாங்வா காட்டுக்கு நடை சஃபாரி போயிருந்தோம். ஜீப்பில் உட்கார்ந்து மிருகம் பார்ப்பது பழைய மோஸ்தராம். துப்பாக்கிக்காரர் முன்னால் போக, ஒருவர் பின் ஒருவராக நடந்து பார்ப்பதுதான் இப்போது கௌரவமாம். காசு கொடுத்துப் பயப்பட என் கணவருக்கு ஆசை. காலையில் புறப்படும்போது வழிகாட்டி முலெங்கா என்னருகில் வந்து, பையில் ஆரஞ்சுப் பழம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். யானைக்கு வாசம் எட்டிவிடுமாம். நான் பையைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, கால்களை அகட்டி நின்றுவிட்டேன். “உடம்பைத் தளர்த்திக்கொள்கிறீர்களா அம்மா? நல்ல பழக்கம்” என்றார் அவர். கூட வந்த வெள்ளைக்காரத் தம்பதியும் சிரித்தபடி கைகளைத் தூக்கினார்கள்.

மலாயாவில், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைக் காட்டுக்குள் வேட்டையாடிய அவசரகாலத்தில் நான் தினமும் காலையில் அப்படித்தான் நின்றேன். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, ஒரே ஒரு வாசல். போலீஸை நாங்கள் மாத்தா என்போம். ஆண்களை மாத்தா தடவிப் பார்ப்பான். பெண்களுக்கு ஒரு மலாய்க்கார அக்கா. பால்மரம் வெட்டப் போகும் வாளிக்குள் ஒரு பிடி சோறு இருந்தாலும் குற்றம். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு உதவிய குடும்பத்தைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தோட்டத்துக் கிராணி காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது படித்துச் சொன்னார். எனக்கு அப்போது கல்யாண வயது. அந்த இந்தியாவை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

அம்மா சோற்றைக் கொண்டைக்குள் வைத்துக் கொண்டுபோவாள். சிறு வாழையிலையில் இறுக்கிச் சுற்றி, மேலே தலைத்துணி. என் அண்ணன் மணியம் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்தவன். சங்கத்தைத் தடை செய்ததும் கைதுக்குப் பயந்து காட்டுக்குள் போய்விட்டான். நாங்கள் பால் வெட்டும் நிரையின் கடைசி மரத்தடியில் ஒரு தட்டைப் பாறை, அதற்கப்பால் காடு. காலையில் பாலுக்கு மரத்தைக் கீறி வெட்டும்போது அம்மா சோற்றை அங்கே வைப்பாள். பாலெடுக்க வரும்போது சோறு இருக்காது, இலை மடித்திருக்கும். குரங்கு இலையை மடிக்காது. பாறைக்கு அந்தப் பக்கம் புல் படுத்திருக்கும். காட்டுக்கு முதுகைக் காட்டி, எங்கள் லயம் இருக்கும் திசையைப் பார்த்து அண்ணன் சாப்பிட்டிருக்கிறான் என்று தெரியும். இலையை வழக்கம்போலத் தன் பக்கமாக மடித்திருப்பான். ஒருநாள்கூட நான் அவனைப் பார்த்ததில்லை. அவன் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் முதுகு சொல்லும்.

முலெங்கா திடீரென்று கையை உயர்த்தினார். வரிசை நின்றது. பறவைச் சத்தம்கூட இல்லை. புதரில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் எதுவோ எங்களைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. என் கணவர் புகைப்படக்கருவியைத் தேடினார்.

ஒருநாள் காட்டில் சுடப்பட்ட சிலரை லாரியில் கொண்டுவந்து காவல் நிலையத்து வாசலில் கிடத்தினார்கள். அடையாளம் காட்ட எங்களைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு முகமே இல்லை. என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு அம்மா மட்டும் கிட்டே போனாள். பாதங்களை வெகுநேரம் பார்த்தாள்.

“புக்கான் அனாக் சாயா, துவான்” என்றாள். என் பிள்ளை இல்லை, ஐயா.

இன்ஸ்பெக்டர் திரும்பவும் கேட்டார். அதே குரலில் அதையே சொன்னாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாள். மறுநாளும் கொண்டைக்குள் சோறு வைத்தாள். அண்ணன் உயிரோடு இருக்கிறான், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நான் நினைத்தேன்.

பாலெடுக்கப் போனபோது சோறு இல்லை. அந்தப் பக்கம் புல் படுத்திருந்தது. இலை மடித்திருந்தது, ஆனால் எங்களைப் பார்த்து, வெளிப்பக்கமாக. சாவு வீட்டில் சாப்பிட்டவர்கள்தான் இலையை அப்படி மடிப்பார்கள்.

“அம்மா, அண்ணே...” என்று ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். கையெல்லாம் பால் பிசின்.

“அழுவாத. ரோட்டுல மாத்தா நிக்கிறான்.”

“அப்ப இத தின்னது யாரும்மா?”

“அவங்கூட இருந்த புள்ளையா இருக்கும். சோத்துல கைய வச்சி நமக்குச் சேதி சொல்லிட்டுப் போயிருக்கான். வா, வாளியத் தூக்கு.”

நானும் அப்படித்தான் நம்புகிறேன், பகல் நேரங்களில். அதற்குப் பிறகும் பல நாள் அம்மா சோறு வைத்தாள், இலை வெளிப்பக்கம் மடிந்தே கிடந்தது. மழைக்காலம் வந்ததும் சோறு அப்படியே ஊறிக் கிடந்தது. அன்றுதான் அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

சஃபாரியில் திரும்பும் வழியில் முலெங்கா குனிந்து மண்ணைக் காட்டினார். நாங்கள் போகும்போது பதித்த செருப்புத் தடங்களின் மேல் சிறுத்தையின் காலடி. “நம் பின்னாலேயே வந்திருக்கிறது” என்றார். எல்லாரும் குதூகலமாகப் படம் பிடித்தார்கள். கப்பலேறாமல் மலாயா மண்ணிலேயே இருக்கத்தான் அம்மா பெற்ற பிள்ளையை இல்லை என்றாள். அம்மா கூலிமிலேயே கண்ணை மூடினாள். நானோ கழுத்தில் தாலி ஏறியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன். இப்போது போய் அது எங்கள் மணியம்தான் என்று சொன்னால் யாரும் யாரையும் நாடு கடத்தப் போவதில்லை. ஆனால் அதைச் சொல்லப் போவதற்கு எனக்கு விசா வேண்டும். அவனை எங்கே புதைத்தார்கள் என்று காட்ட அங்கே ஆளும் இல்லை.

வரிசை நகர்ந்துவிட்டது. நான் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். முலெங்கா திரும்பி வந்தார்.

“உங்கள் ஆள் யாராவது பின்னால் இருக்கிறார்களா, அம்மா?”

“இல்லை” என்றேன். அவர் திரும்பவும் கேட்டார். அதே குரலில் அதையே சொன்னேன்.