புதன்கிழமை குறையும் என்ற மழை

அந்த ஆடியில் மழை பிடித்தது விடவில்லை. கொட்டகலைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டம். கூலிக்காரர் வரிசைவீடுகளான லயத்துக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை, அதன்மேல் மரப்பாலம். அம்மா இல்லாததால் அக்காளோடும் அவள் புருஷனோடும் லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் இருந்தேன். அவரை மாமா என்று கூப்பிடுவேன். அக்காளுக்கு அப்போது நிறைமாதம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முகமும் காலும் வீங்கிவிட்டன. கண் மங்குகிறது என்றாள். தோட்டத்து டாக்டரய்யா வந்து பார்த்துவிட்டு, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். மாமா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கார் பிடிக்கக் கடைவீதிக்குப் போனார்.

கார் வரவில்லை. ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறதாம். ஆனால் ஒரு சேதி கொண்டுவந்தார். மளிகைக்கடை முதலாளியின் ரேடியோவில் அந்த வாரத்து வானிலை சொன்னார்களாம். மலைநாட்டில் திங்களும் செவ்வாயும் கனத்த மழை, புதன்கிழமையிலிருந்து குறையும்.

"புதன்கெழம விட்டுடும்னு சொல்றாங்க. கம்பளியில கட்டித் தூக்குறதவிட, ரோடு தொறந்ததும் கார்ல போயிடலாம்" என்றார்.

அக்காளுக்கும் அதுதான் விருப்பம். நனைந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்தாள். நானும் மறுக்கவில்லை. அத்தனை மழைக்கு நடுவே ஒரு கிழமையைச் சொன்னதே பெரிய ஆறுதலாக இருந்தது. செவ்வாய்வரை சொன்னபடியே பெய்ததால் புதனை இன்னும் உறுதியாக நம்பினோம். விறகு நனைந்து அடுப்பு புகைந்தது. தகரக் கூரையில் விழுந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

புதன் விடிந்தது. மழை குறையவில்லை, கூடியது. உச்சிப்பொழுதில் அக்காளுக்கு வலிப்பு கண்டு பல் கிட்டிவிட்டது. கம்பளியைக் கம்பில் தொட்டிலாகக் கட்டி, லயத்து ஆண்கள் தூக்கினார்கள். துணி மூட்டையோடு நான் பின்னால் ஓடினேன். பாலத்துப் பலகைக்கு மேலே தண்ணீர் போயிற்று. முன்னால் தூக்கியவர் தயங்கி நின்றுவிட்டார். மாமா அவர் தோளிலிருந்து கம்பை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

சரிந்த மண்ணை ஏறிக் கடந்தோம். அந்தப் பக்கம் நின்ற லொறியில் ஏற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை உயிரோடு பிறந்தது. அக்காள் கண் திறக்கவே இல்லை, மறுநாள் போய்விட்டாள். அதற்குள் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டுபோயிருந்தது. தோட்டத்துக்குக் கொண்டுவர வழியில்லாமல் டிக்கோயாவிலேயே புதைத்தோம். லயத்தார் பலரும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்துக் காம்பிராக்காரி தன் பிள்ளையோடு எங்கள் பிள்ளைக்கும் பால் கொடுத்தாள். அடுத்த தையில் பெரியவர்கள் பேசி என்னை மாமாவுக்கே கட்டிவைத்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவரிடமும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் அவராகவே சொன்னார்: "ஞாயித்துக்கெழமையே தூக்கிக்கிட்டுப் போயிருக்கணும்."

"அக்காவும் வேணாம்னுதானே சொன்னுச்சு" என்றேன்.

"அவ சொல்லுவா. நான் கேட்டிருக்கக் கூடாது."

அதன்பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அக்காள் பெற்ற பிள்ளையை எங்கள் மகளாகவே வளர்த்தோம்; வயசுக்கு வந்தபிறகுதான் அவளிடம் எல்லாம் சொன்னோம். எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். கூட்டிக்கொண்டு போனோம். மேடுகளெல்லாம் புல் மூடி ஒன்றுபோல் கிடந்தன. அவர் நடந்து நடந்து பார்த்து, இதுதான் என்று ஒன்றைக் காட்டினார். எனக்கு அது வேறு இடமாகப் பட்டது. மகள் அதற்குள் உட்கார்ந்து சூடம் ஏற்ற ஆரம்பித்துவிட்டாள். நான் காற்றுக்கு மறைவாகச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.