இடது காதுத் தோடு

இன்னைக்குச் சின்னமனூர் போற, கரிப்புகையில ஓடுற பஸ்ல, நானே கம்பி வளைச்சுச் செஞ்ச தோட்டை முதல்தடவையா வெளியில போட்டுக்கிட்டுப் போனேன்.

வலது காதுல, நம்ம கோயில் தூண் சிலை போட்டிருக்கிற அதே தோடு. சிலைக்கு இடது காது உடைஞ்சு போச்சு. அதனால அந்தக் காதுக்கு என் இஷ்டத்துக்கு ஒரு ஏலப்பூ செஞ்சுக்கிட்டேன்.

யாராவது சிரிச்சா, கழட்டி ஆத்துல வீசிரணும்னுதேன் இருந்தேன்.

மலையில ஏலக்காய் எடுத்துட்டுத் திரும்புற அக்கா ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருந்தாக.

"என்னத்தா, காதுக்கு ஒண்ணா இருக்கு? ஆசாரி மாத்திக் குடுத்துட்டாகளா?"

"ஆசாரி இல்லக்கா. நான்தேன் செஞ்சேன்."

இடது தோட்டைத் தொட்டுப் பாத்தாக.

"அட, நம்ம ஏலப்பூ! எனக்கு ரெண்டு காதுக்கும் இதையே செஞ்சு குடு, ஆத்தா."

வலதைத் திரும்பிக்கூடப் பாக்கல.

நாளைக்குக் கோயிலுக்குப் போகணும். அந்தச் சிலை மூஞ்சியில எப்படி முழிக்க, நீங்களே சொல்லுங்க.